வாய்க்கால் பாதையும் என் நன்றிக் கடிதங்களும்

நன்றி சொல்லியே ஒரு பாதையைத் தொலைக்கப் பார்த்தவள் நான். அதற்குப் பதிலாகத் திட்டி ஒரு மொட்டைக் கடுதாசி போட்டிருந்தால்கூட அத்தனை பாடு வந்திருக்காது. முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்து, யாருக்கு எதை எழுதினாலும் 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிக்கப் பழகிய கை இது. அந்தக் கையால்தான் வினை வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டேன் தெரியுமா!

கூனூருக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. வாசலை விட்டு இறங்கினால் படி. கடைக்குப் போக ஏற்றம். பஸ்ஸுக்குப் போக இறக்கம், அதே பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வர ஏற்றம். என் கணவர் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். கோயம்புத்தூரில் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சொன்னார்: "தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும். சமதரையில மட்டும். ஏத்தம் ஏறவே கூடாது." நான் சிரித்துவிட்டேன். டாக்டர் முறைத்தார். "சார், நாங்க மலைக்காரங்க. சமதரைக்கு எங்கீங்க போறது?" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. "அப்ப கீழ வந்து குடியிருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில், பர்லியாரில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது எனக்கு வாய்க்கால் பாதை நினைவுக்கு வந்தது. ரேஷன் கடைக்குப் பின்னால் தொடங்கி, சோலையின் ஓரமாகப் போய், தேயிலைக்குள் நுழைந்து, மேட்டுப்பாளையம் சமவெளி தெரிகிற ஒரு பாறையில் முடியும் ஒற்றையடிப் பாதை. எங்கள் ஊரிலேயே ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே பாதை அதுதான். எப்படி அவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. வாய்க்கால் பாதை என்று பெயர். வாய்க்கால் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நாங்கள் யாரும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்ததில்லை.

ரேஷன் கடை வரைக்கும் ஆட்டோ பிடித்து, ஒரு மாதத்தில் அவர் அதில் நடக்க ஆரம்பித்தார். முதலில் பத்து அடிக்கு ஒரு தரம் நின்றார். பிறகு சோலை வரைக்கும். பிறகு பாறை வரைக்கும். காட்டெருமை குறுக்கே நின்றால் அது மனம் வைத்து நகரும்வரை நாங்களும் நிற்போம். அந்த நேரத்துக்கு அங்கே ஒரு பத்துப் பேர் நடப்பார்கள். முட்டி தேய்ந்தவர்கள், சர்க்கரைக்காரர்கள், மாசமாக இருந்த ஒரு நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள் வருவார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். "ஆறு நாளும் கூடையச் சொமந்துதான் நடக்கிறது. ஒரு நாளாவது கைய வீசிக்கிட்டு நடந்து பாக்க வேணாமா?" என்பார். அவர் நடையில் எங்களுக்கெல்லாம் மூச்சு வாங்கும்.

பாதை தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே, எஸ்டேட் எல்லையில் ஓர் இரும்பு கேட் உண்டு. வருடம் முழுவதும் திறந்தே கிடக்கும். ஜூலை மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாத்திப் பூட்டி, வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் மறுபடி திறந்துவிடுவார்கள். துரைமார் காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார்கள். நாங்கள் அதற்கு 'கேட்டுக்கு லீவு' என்று பெயர் வைத்து, அன்றைக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடி போண்டா போட்டுச் சாப்பிடுவோம். எதற்காகச் சாத்துகிறார்கள் என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? இல்லை. பாவம், நல்ல மனுஷர்கள், மறுபடி திறந்துவிட்டார்களே என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

உடனே பேனாவை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர். 'பொருள்: பாதையைத் திறந்துவிட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – சார்பு.' அதற்குக் கீழே: 'தங்கள் மேலான அனுமதியின் பேரில் நாங்கள் நாள்தோறும் இப்பாதையில் நடந்து பயனடைந்து வருகிறோம்.' அந்தப் பருவத்தில் பர்லியாரில் மங்குஸ்தான் கிடைக்கும். ஒரு பை வாங்கி, கடிதத்தோடு எஸ்டேட் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் அங்கேயிருந்த ஹெட் கிளார்க். "கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்கம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருடமும் எழுதினேன். அதற்கடுத்த வருடமும். கேட் லீவு முடிந்த மறுநாள் என் கடிதமும் மங்குஸ்தானும் போகாத வருடமே இல்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் பாதை இரண்டு இடத்தில் சரிந்தது. என் கணவர் அங்கே சுவரைப் பிடிப்பதுபோல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எனக்கு உயிர் போய்விட்டுத் திரும்பி வரும். பேரூராட்சியில் பகுதி சபைக் கூட்டம் போட்டபோது நாங்கள் எல்லோரும் போய் உட்கார்ந்தோம். சரிந்த இடத்தில் கல் கட்ட வேண்டும், கைப்பிடிக் கம்பி வேண்டும், உட்கார இரண்டு பெஞ்சு வேண்டும் என்று மனு கொடுத்தோம்.

ஒருவர் எழுந்தார். "சும்மா நடக்கறதுக்கெல்லாம் எதுக்குங்க பொதுப்பணம்? அந்தக் காசுக்குச் சாக்கடை கட்டலாமில்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வண்டிக்கு ரோடு போடறீங்க. டூரிஸ்ட்டுக்கு பார்க்கிங் போடறீங்க. இந்த ஊர்லயே இருந்து வரி கட்டறவன் கால வெச்சு நடக்கறதுக்கு இதுவரைக்கும் என்ன போட்டீங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வார்டு கவுன்சிலர் ஓர் இளம்பெண். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அலைந்து நிதி ஒதுக்க வைத்தார். மார்ச் முடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்றார்கள். முடித்துவிடலாம் என்று நாங்கள் லட்டு வாங்கிக் கொடுத்தோம்.

அதே சமயத்தில் எஸ்டேட் கைமாறியது. வாங்கியவர்களுக்குத் தேயிலையில் அக்கறை இல்லை, தங்கும் விடுதிகள் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. பேச்சு உண்மைதான் என்பது, ஒரு காலையில் கேட் பூட்டிக் கிடந்ததும் தெரிந்தது. ஜூலை இல்லை, டிசம்பர். 'விருந்தினர்களுக்கு மட்டும்' என்று புதுப் பலகை. பேரூராட்சிக்கும் எஸ்டேட்டிலிருந்து ஆட்சேபணை போயிருந்தது. செயல் அலுவலர் எங்களைக் கூப்பிட்டு, "தனியார் நெலத்துல பொதுப்பணத்தப் போட முடியாதுங்கம்மா. நாளைக்கு ஆடிட்ல நான்தான் கையக் கட்டி நிக்கணும்" என்றார்.

தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். எஸ்டேட் பக்கத்திலிருந்து அந்த ஹெட் கிளார்க் வந்திருந்தார். கையில் ஒரு ஃபைல். முதலில் கேட் லீவு விஷயத்தைச் சொன்னார். வருடத்தில் ஒரு நாள் வழியைச் சாத்தி வைப்பதே, இது எங்கள் இடம், நாங்கள் விட்டால்தான் நீங்கள் நடக்கலாம் என்று காட்டுவதற்காகத்தானாம். நாங்கள் போண்டா தின்றுகொண்டிருந்த நாளுக்கு அதுதான் அர்த்தம். பிறகு ஃபைலைத் திறந்து, "இத அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க" என்று படிக்க ஆரம்பித்தார். 'தங்கள் மேலான அனுமதியின் பேரில்...' ஒன்று முடிந்ததும் அடுத்தது. ஒரு கடிதம் தவறாமல் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். நானே பொறாமைப்படும்படியான ஃபைல்.

என்னோடு வந்தவர்கள் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானத்தில் காது மடல் கொதித்தது. வெளியே வந்ததும் என் கணவர்தான் முதலில் பேசினார். "போகட்டும் விடு அம்மிணி. எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி நீ ஒரு லெட்டர் எழுதல, அவனுக்கு வருஷா வருஷம் எழுதியிருக்கற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தார். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டார். "செக்கு மாடு மாதிரி இருக்குது" என்றார். சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஒரு நாள் என்னிடம் சொல்லாமல் பஜார் ரோட்டில் நடக்கப் போயிருக்கிறார். டயர் கடைக்காரர் எனக்கு போன் செய்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கடைப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசிப் போனது. "ஒண்ணுமில்ல, கொஞ்சம் ஏத்தம் அதிகமாப் போச்சு" என்றார். இந்த மனுஷரை இந்தப் படியில் உட்கார வைத்தது வேறு யாரும் இல்லை, என் கையெழுத்து. அந்தப் பாதையை மீட்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எனக்குக் கோர்ட் தெரியாது, ஃபைல் தெரியும். ஒரு காகிதத்தை வெல்ல வேண்டுமென்றால் அதைவிடப் பழைய காகிதம் வேண்டும். எஸ்டேட்டுக்குள் பாதை போகும் நிலத்தின் பழைய சர்வே படத்தைக் கேட்டு மனுப் போட்டேன். இல்லை என்று பதில் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டேன். தேடுகிறோம் என்று பதில் வந்தது. திங்கட்கிழமைதோறும் ஊட்டி பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்றேன். மூன்றாவது வாரம் அங்கிருந்த ஊழியர் ஒருவர், "மறுபடியும் நீங்களாம்மா?" என்றார். "படம் கெடைக்கறவரைக்கும் நான்தான். நாற்காலி ஒண்ணு போட்டு வைங்க" என்றேன். ஜனவரி போய், பிப்ரவரியும் பாதி போனபின் படம் கிடைத்தது.

பழுப்பேறிய படத்தின் நகல். எஸ்டேட் நிலத்தின் குறுக்கே இரண்டு மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து போயின. கோடுகளுக்கு நடுவில் எழுத்து: வாய்க்கால். பதிவேட்டில் அது அரசுப் புறம்போக்கு. பாதை அப்படி மட்டமாக இருந்தது எதனால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையைச் சுற்றித் தண்ணீர் கொண்டுபோன வாய்க்காலின் கரையில்தான் நாங்கள் இவ்வளவு காலமும் நடந்திருக்கிறோம். பஸ்ஸில் அந்தக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், பிள்ளைக்கு மார்க் ஷீட்டா என்று கேட்டாள்.

சர்வேயர் ஒரேயடியாகச் சந்தோஷப்பட விடவில்லை. "படத்துல இருக்குதுங்க. தரையில இருக்கணுமில்ல? இங்கதான் வாய்க்கால் இருந்துச்சுன்னு நான் எத வெச்சு அளக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. மண்ணும் சருகும் மூடி, எங்கள் காலத்துக்கு முன்பே அது காணாமல் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிக்கும் அம்மாளிடம் புலம்பினேன். அவர் சாவகாசமாக வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார். "கேட்டத் தாண்டி அஞ்சாம் நம்பர் மலையில, ரெண்டு வரிசைக்கு நடுவுல மட்டும் அகலமா எடம் உட்டிருக்கே, பாத்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன். வழிக்காகன்னு நெனச்சேன்."

"வழியாவது ஒண்ணாவது! முள்ளு குத்துறப்ப அங்க மட்டும் எறங்காது. முள்ளுதான் வளையும். கங்காணிகிட்ட ஏச்சு வாங்குனது நானுங்க. அடியில பூரா கல்லு. அதாலதான் அந்த வரிசையில செடி வைக்கிறதில்ல."

மலை என்று அவர்கள் சொல்வது தேயிலைத் தோட்டத்தின் ஒரு பகுதியை, முள்ளு என்பது தேயிலைக்கு நடுவே மண்ணைக் கிளறும் இரும்புக் கவை. எனக்குப் புல்லரித்துப்போனது. "அதிகாரிங்க முன்னாடி வந்து காட்டுவீங்களா? எஸ்டேட்டுல உங்களுக்கு ஏதும் தொந்தரவு வராதா?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பினார். "வந்தா வரட்டும். ஞாயித்துக்கெழமை எனக்கும் நடக்கணும்."

மார்ச் முதல் வாரத்தில் தாசில்தார் நேரில் வந்தார். சர்வேயர், கவுன்சிலர், எஸ்டேட் ஹெட் கிளார்க், நடக்கிறவர்கள் எல்லோரும் கூடினோம். என் கணவர் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தப் பாதைக்கு வந்தார். கேட்டைத் திறந்துவிட்டார்கள். அந்த அம்மாள் நேராகப் போய், வரிசை அகலமாக இருந்த இடத்தில் நின்று முள்ளை ஓங்கிக் குத்தினார். கணீரென்று சத்தம். மண்ணை விலக்கினோம். கொத்தி அடுக்கிய கல், பிறகு அதே அளவில் இன்னொரு கல், எதிர்ப்பக்கம் அதற்கு ஜோடி. சர்வேயர் குனிந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு டேப்பைப் பிடித்தார். அளந்துகொண்டே போனார்கள். படத்தில் இருந்த வளைவுகள் எல்லாம் தரையில் இருந்தன. கேட்டே வாய்க்காலின் கரையில்தான் நட்டிருந்தது.

ஹெட் கிளார்க் சும்மா இருப்பாரா? ஃபைலைத் திறந்தார். "நெலம் எப்படியோ இருக்கட்டுங்க சார். அனுமதி வாங்கித்தான் நடந்தோம்னு இவங்களே எழுதியிருக்காங்களே?"

தாசில்தார் என்னைப் பார்த்தார். "நாளைக்கு மேல இருந்து கேள்வி கேட்டா நான் பதில் சொல்லணுமில்லீங்கம்மா? இந்த லெட்டருக்கு எதிரா உங்க கைப்பட ஃபைல்ல ஒண்ணு இருந்தா எனக்கு நல்லது."

அவருடைய ஜீப்பின் பானட்டில் காகிதத்தை வைத்தேன். சொன்ன நன்றியைத் திரும்ப வாங்குவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்கிற காரியம் இல்லை. கொடுத்த பண்டத்தைத் திருப்பிக் கேட்பதைவிடக் கேவலம் அது. ஆனாலும் எழுதினேன். 'பொருள்: முன்னர் தெரிவித்த நன்றியைத் திரும்பப் பெறுதல் – சார்பு. ஐயா, வணக்கம். மேற்படி பாதையில் நடக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை என்பதை அறியாமல், மரியாதையின் நிமித்தம் ஆண்டுதோறும் நன்றி தெரிவித்துவிட்டேன். அந்த நன்றிகள் அனைத்தையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மங்குஸ்தான் பழங்களைத் திருப்பித் தர வேண்டியதில்லை.'

தாசில்தார் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "கடைசி வரி வேணுமாம்மா?"

"இருக்கட்டுங்க. அதுவும் ஃபைல்ல இருக்கட்டும்."

உத்தரவு வந்தது. கேட்டைப் பிடுங்கினார்கள். மார்ச் முடிய இருந்தது மூன்றே வாரம். கான்ட்ராக்டர் சிமெண்ட் கற்களை லாரியில் கொண்டு வந்து இறக்கப் பார்த்தார். சரிந்த இடத்துக்குக் கல்லுக்கட்டு, கம்பி, பெஞ்சு, அவ்வளவுதான், பாதையில் சிமெண்ட் போடக் கூடாது என்று போய் நின்றேன். "நல்லதுக்குத்தானுங்க பண்றோம்" என்றார். "சிமெண்ட் போட்டா இன்னைக்கு பைக் வரும், நாளைக்கு ஆட்டோ வரும். அப்புறம் நாங்க எங்க நடக்கறது?" என்று லாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். கவுன்சிலர் ஓடி வந்தார். லாரி திரும்பிப் போனது. வேலை முடிந்தது மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள். இரண்டு முனையிலும் 'பொது நடைபாதை' என்று கல் நட்டார்கள். என் கணவர் மறுபடி பாறை வரைக்கும் போய், சமவெளியைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு ஆரஞ்சு தின்றார்.

அந்த ஹெட் கிளார்க்கை அதன்பிறகு பஜாரில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். வேலையில் இருந்தவர் வேலையைச் செய்தார் என்று என் கணவர் சொல்வார். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கோபம் போகவில்லை.

போன மாதம் ஒரு காலையில் நாங்கள் கிளம்பியபோது அவர் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. என்னவென்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கை அந்த இடத்துக்கு எதற்குப் போகும் என்று பல வருடமாகப் பார்க்கிறவள் நான்.

"ஆபரேஷன் ஆச்சுங்கம்மா. சமதரையில நடக்கச் சொல்லிட்டாருங்க." அவர் கல்லைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. "நான் வரலாமுங்களா?"

இத்தனை நாள் வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. "அனுமதி கேட்டு லெட்டர் எழுதிக் குடுங்க. ஃபைல்ல வெச்சுக்கறேன்" என்றேன்.

நான் குத்திக் காட்டத்தான் சொன்னேன். அந்த மனுஷர் கையை ஸ்வெட்டருக்குள் விட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றிவிட்டு, காகிதம் இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. எஸ்டேட் ஆபீசில் இவர் மேசைக்கு முன்னால் ஒரு பை மங்குஸ்தானோடு நான் நின்றதும் அப்படித்தான்.

"பேனாவ உள்ள வைங்க" என்றேன். "இங்க நடக்க யாரையும் கேக்க வேண்டாம். என்னையும் கேக்க வேண்டாம். நடங்க."

என் கணவர் தன் கைத்தடியை அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு கல்லைத் தாண்டினார். நாலடி வைத்தவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிங்கம்மா."

"அதையும் சொல்லாதீங்க" என்றேன்.